மரத்தடி டப்பாவும் மூன்று மாத விடுமுறையும்

கேள்வி: சியாட்டில் அருகே பாதலில் வசிக்கிறேன். ஜியோகேச்சிங்கில் ஆர்வம் வந்து, தேடியது போதும், நாமும் ஒளித்து வைப்போம் என்று சில ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் வைத்துவிட்டேன். இப்போது வாரம் ஒரு புகார். ஒன்றில் தாள் ஊறிக் கூழாகிவிட்டதாம். இன்னொன்றை நாலு பேர் அடுத்தடுத்துத் தேடிக் கிடைக்கவில்லை என்று பதிந்திருக்கிறார்கள். எச்சரிக்கை மின்னஞ்சலும் வந்துவிட்டது. “நீங்கள் சிரமப்பட வேண்டாம், நானே புது டப்பா வைத்துவிடுகிறேன்” என்கிறார் ஒருவர். விடலாமா? ஜனவரியில் மூன்று மாதம் மதுரைக்குப் போகிறேன். ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு பாடா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பாடுதான். தேடிப் போகிறவர் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு அன்றே மறந்துவிடலாம். வைத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பெட்டியைப் பதிவு செய்யும்போதே பராமரிப்பேன் என்று ஒப்புக்கொண்டுதான் வைத்தீர்கள்.

இந்த ஆட்டம் அறியாத வாசகர்களுக்காக நாலு வரி. ஒருவர் ஒரு டப்பாவுக்குள் பதிவுத்தாள் போட்டு எங்காவது ஒளித்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு தேடிப் போய், தாளில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். 2000 மே தொடக்கத்தில், ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. உடனே மே 3-ஆம் தேதி டேவ் அல்மர் என்பவர், உங்கள் பக்கத்து மாநிலமான ஆரிகனில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். அதுதான் முதல் பெட்டி. உள்ளே புத்தகங்கள், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், அந்த வாளிக்கு இன்று அனுமதி கிடைக்காது. நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் குழி தோண்டக் கூடாது, தின்பண்டம் வைக்கவே கூடாது. தின்பண்ட வாசனைக்கு அணில் பிளாஸ்டிக்கையே கொறித்துவிடும். உங்கள் மாநிலத்தில் கரடியும் உண்டு.

முதலில் ஊறிய தாளுக்கு வருகிறேன். உங்கள் ஊர் மழை மதுரை மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற ரகமில்லை. அக்டோபரில் பிடித்தால் வசந்தம் வரை தூறல், ஈரம், பாசி. பெட்டி ஓட்டையாகிவிட்டது என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் ஓட்டையே இருக்காது. நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடும் சாப்பாட்டு டப்பாவின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகளோ, ஊசியிலையோ, தாள் போட்டிருக்கும் ஜிப் பையின் ஓரமோ மாட்டினால் போதும், நீர் இறங்கிவிடும். இறங்கிய நீருக்கு, அதே இறுக்கமான மூடியால், வெளியேற வழியிருக்காது. மழையில் நின்று திறந்து எழுதுகிறவர்களின் ஈரக் கையும் சேர்ந்துகொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சி முடித்த பிறகு அதுவும் ஒரு ஈரக் குப்பைதான்.

ஆகவே, பை டப்பாவைவிட நன்றாகச் சிறியதாக இருக்கட்டும். ஓரம் வெளியே நீட்டக் கூடாது. சாதாரண நோட்டுத் தாளுக்குப் பதில் நீர் தாங்கும் தாள் வாங்குங்கள். பேனாவை எடுத்துவிட்டுப் பென்சில் போடுங்கள், ஈரத்திலும் குளிரிலும் எழுதும். டப்பாவைத் தரையோடு கிடத்தாமல், வேர் இடுக்கில் கொஞ்சம் உயர்த்தி, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி, தண்ணீர் தேங்காதவாறு வையுங்கள். பெப்பர்மின்ட் தகர டப்பா, காந்தம் ஒட்டிய சாவிப் பெட்டி இரண்டையும் உங்கள் ஊரில் வெட்டவெளியில் வைப்பது வீண். ஒரு மழைக்காலம் போனால் துருதான் மிஞ்சும். ராணுவத் தோட்டாப் பெட்டி நன்றாகத் தாங்கும், காட்டுப் பாதைக்குப் பொருத்தம். ஊருக்குள் அதை வைக்காதீர்கள். 2011-இல் வட இங்கிலாந்தின் வெதர்பியில் ஒரு கடைவீதியில் ஒளித்திருந்த சாதாரணப் பெட்டியையே வெடிகுண்டோ என்று சந்தேகித்து ராணுவ நிபுணர்கள் வந்து தகர்த்தார்கள். எதுவானாலும் வெளிப்புறம் ‘ஜியோகேச்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

மழைக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒரு சுற்று, மழை ஓய்ந்ததும் ஒரு சுற்று. புகார் வராவிட்டாலும் போக வேண்டும். முதல் சுற்றைத் தவறவிட்டவர்களுக்குத்தான் குளிர்காலம் முழுக்கப் புகார் வரும்.

இனி, நாலு பேர் தேடியும் கிடைக்காத பெட்டி. அதன் கடின எண் ஐந்துக்கு நாலு, ஐந்து என்றால் நாலு பேர் ஏமாந்தது பெரிய விஷயமில்லை. அதற்காகத்தானே அப்படி ஒளித்தீர்கள். ஒன்றரை, இரண்டு என்று போட்டிருந்தால் பெட்டி போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். தேடியவர்கள் யார் என்றும் பாருங்கள். ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்த ஒருவர் ‘இல்லை’ என்றால், நேற்று ஆட்டத்துக்கு வந்த மூன்று பேர் சொல்வதைவிட அதற்கு எடை அதிகம். போன இடத்தில் பெட்டி பத்திரமாக இருந்து, சுற்றியுள்ள பெரணியெல்லாம் மிதிபட்டுக் கிடந்தால் குற்றவாளி உங்கள் அளவீடுதான். உயரமான டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கு அடியில் கைப்பேசி பல மீட்டர் தள்ளிக் காட்டும். வேறு வேறு நாளில் அளந்து, சராசரி எடுத்துத் திருத்துங்கள். 161 மீட்டருக்குள் என்றால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

அந்த மின்னஞ்சலுக்குக் கோபப்படாதீர்கள். கிடைக்கவில்லை என்ற பதிவுகள், பராமரிப்பு தேவை என்ற பதிவுகள், கடைசியாக எப்போது கிடைத்தது, எவ்வளவு கடினம் என்பதையெல்லாம் கணினி கூட்டிப் பார்த்து அனுப்புகிறது. அது தப்பாகவும் கணிக்கும். ஆனால் போகாமலே, சோபாவில் உட்கார்ந்தபடி ‘பராமரிப்பு முடிந்தது’ என்று பதிந்து, ‘பராமரிப்பு தேவை’ என்ற அடையாளத்தை அழிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அதை நம்பி ஒரு குடும்பம் குழந்தைகளோடு மழையில் கிளம்பும். உடனே போக முடியாவிட்டால் பெட்டியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, காரணத்தை எழுதுங்கள். பெட்டிகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் ரிவ்யூவர்கள் வழக்கமாக நாலு வாரம் வரை பொறுப்பார்கள்.

புது டப்பா வைத்துவிடுகிறேன் என்ற நல்லவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பெட்டியை முன்பு பார்த்திருக்கிறாரா? பார்த்தவர், சரியான இடம் தெரிந்தவர், படம் எடுத்து அனுப்புகிறார் என்றால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளலாம். கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறவர் போடுகிற டப்பா வேறு கதை. உங்கள் பெட்டி இரண்டடி தள்ளி அப்படியே இருக்கும். இனி வருகிறவர்களில் பாதிப்பேர் அதில் எழுதுவார்கள், பாதிப்பேர் இதில் எழுதுவார்கள். எது அசல் என்ற வழக்கு உங்களிடம்தான் வரும். அவருக்கோ கண்டுபிடித்த கணக்கில் ஒன்று கூடியிருக்கும். மறுத்துவிடுங்கள். ஈரத்தைத் துடைத்து ஒரு உலர்ந்த தாள் போட்டுவிட்டுப் போகிறவரோ உங்களுக்கு உண்மையான உதவி செய்கிறார்.

மதுரைப் பயணம்தான் உங்களுக்குச் சிக்கலானது. உங்கள் பெட்டிகளில் ஏதாவது வாஷிங்டன் மாநிலப் பூங்காவில் இருக்கிறதா? அங்கே வைக்கவே அனுமதிச் சீட்டு வேண்டும். உரிமையாளர் 90 நாளுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. மூன்று மாதம் என்பது அந்த எல்லையைத் தொட்டுவிடும். கிளம்புவதற்கு முன்பே பூங்கா மேலாளரிடம் நீட்டிப்புக் கேளுங்கள். மற்றவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஆட்டக்காரரிடம் மாற்றுப் பொருட்களைக் கொடுத்து, அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிவிடுங்கள். ஆள் கிடைக்காத பெட்டிகளை நிறுத்தி வைப்பதானால், ரிவ்யூவரிடம் திரும்பும் தேதியைச் சொல்லுங்கள். அவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். சொல்லிவிட்டுப் போகிறவரிடம் கடுமை காட்டுவது அபூர்வம். பதிலே இல்லாமல் கிடந்து, பராமரிப்பில்லை என்று அவர்கள் மூடிய பெட்டியைத் திரும்பத் திறக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பன்னிரண்டு பெட்டி உங்களுக்கு அதிகம். வேலைக்குப் போகும் வழியிலோ, வார இறுதியில் எப்படியும் நடக்கிற பாதையிலோ இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தவர்கள் தரும் விருப்பப் புள்ளிகள் நிறைய வாங்கிய பெட்டி இருந்தால் அதை மூடாமல், விரும்பும் ஒருவருக்கு மாற்றிக் கொடுங்கள். மூடிய பிறகு மாற்ற முடியாது. மீதியை நீங்களே மூடுங்கள். இடம் காலியானால் இன்னொருவர் அங்கே நல்லதாக ஒன்று வைப்பார். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பதால் உங்கள் ஊறிய டப்பா இப்போது அவர்களையும் தடுத்துக்கொண்டிருக்கிறது. மூடுவதென்றால் கணினியில் பொத்தானை அழுத்துவதோடு முடிவதில்லை. டப்பாவைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். உள்ளே, பெட்டிக்குப் பெட்டி பயணிக்கும் எண் பொறித்த டிராவல் பக் தகடு ஏதாவது இருந்தால் அது உங்களுடையதல்ல. டிசம்பருக்குள் அடுத்த பெட்டியில் போட்டு, மறக்காமல் பதிந்துவிடுங்கள்.