தவளை முட்டையும் கோடை உஷ்ணமும்

கேள்வி: சித்திரை மழையில் எங்கள் ஊர்க் குட்டையில் தவளைகள் இட்ட முட்டைகள் இரண்டே நாளில் வெளுத்து அழுகிவிட்டன. வெயில்தான் காரணமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வெயிலுக்கு அதில் பெரும் பங்கு இருக்கக்கூடும். கோழிமுட்டையைப் போல் ஓடு என்னும் கவசமின்றி, கண்ணாடி போன்ற வழவழப்பான கூழ்ப்படலத்தையே போர்வையாகக் கொண்ட தவளைமுட்டையினுள் கடுகளவாய்க் கறுத்துத் தோன்றும் கரு, சூழ்ந்துள்ள நீரின் உஷ்ணத்தையே தன் உஷ்ணமாக ஏற்று, அந்நீரில் கரைந்த பிராணவாயுவைக் கொண்டே விருத்தியடைகிறது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும் பிராணவாயு, 35 டிகிரியில் 7 மில்லிகிராமாகக் குறைய, கருவின் தேவையோ உஷ்ணத்தோடு பெருகுவதால், வரவு சுருங்கிச் செலவு மிகுந்த குடும்பத்தின் நிலையை அது அடைகிறது. அளவான வெப்பம் வளர்ச்சியைத் துரிதப்படுத்தும். சற்று மிகுந்தால் உருவம் சிறுத்த தலைப்பிரட்டைகள் முன்னதாகவே வெளிவரும். எல்லை கடந்தாலோ முதுகு வளைந்து, உடல் வீங்கி, அங்கஹீனமோ மரணமோ நேரும். உயிரணுக்கள் பிரிந்து இடம்பெயர்ந்து உடலுக்கு அடித்தளமிடும் ஆரம்பப் பருவமே மிகவும் அபாயகரமானது.

ஐப்பசி மழையில் நிரம்பும் ஆழமான கண்மாயில் இத்துன்பம் குறைவு. கோடை மழையில் சாண் ஆழமே தேங்கும் குட்டைதான் நண்பகலில் கொதிக்கிறது. ஆகவே, கரையோர மரங்களை வெட்டாது நிழல் காப்பதும், குட்டையைத் தூர்வாரி ஆழப்படுத்துவதும், நம் வயற்பூச்சிகளை உண்டு உழவனுக்கு உதவும் அந்த ஜீவன்களுக்கு நாம் செய்யவேண்டிய தர்மமாகும்.