மடையில் நிற்கப் போகும் பிள்ளைகளுக்கு

பாசன சங்கங்களில் புதிதாகப் பொறுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், 86,107 ஏக்கர் பாசனம். மழை ஒழுங்காகப் பெய்கிற வருஷத்தில் சங்கத் தலைவர் யார் என்றே ஊருக்கு நினைவு இருக்காது. தென்மேற்கு மழை ஏமாற்றி, கார் பயிர் காயத் தொடங்கும்போதுதான் உங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவியும். அந்த நாளுக்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

1. சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். எந்த வயல், பயிருக்கு என்ன வயது, கடைசியாகத் தண்ணீர் பாய்ந்தது எப்போது என்று கேளுங்கள். நட்டு ஒரு மாதமான பயிர் கொஞ்சம் பொறுக்கும். கதிர் வெளிவரும் பயிர் பொறுக்காது. அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் நெல் பதராகப் போகும், வாங்கின கடன் மட்டும் அப்படியே நிற்கும். அவர் குரல் உயர்ந்ததற்குக் காரணம் அதுதான் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டால், பதிலுக்குக் கத்தத் தோன்றாது. “கோபப்படாதீங்க அண்ணாச்சி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் யாரையும் அடக்கியதில்லை.

2. கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இன்று காலை இரண்டிலும் எத்தனை அடி நிற்கிறது, எவ்வளவு திறக்கிறார்கள்? தெற்குக் கோடைமேலழகியான் கால்வாய்க்கு 870 ஏக்கர், கன்னடியன் கால்வாய்க்கு 12,500 ஏக்கர் என்று தெரிந்தவரிடம், “அங்கே மட்டும் ஏன் அத்தனை தண்ணி?” என்று யாராவது கேட்டால் நிதானமாகப் பதில் வரும். தெரியாதவர் மேஜையைத் தட்டுவார்.

3. கடைமடைக்கு நடந்து போங்கள். தண்ணீர் தாராளமாக ஓடுகிற மாதத்திலேயே போங்கள். கல்யாணத்துக்கும் துட்டிக்கும் உங்களைப் பார்த்த முகங்கள்தான், பஞ்ச காலத்தில் நீங்கள் சொல்வதை நின்று கேட்கும். சண்டை வந்த பிறகு முதல் தடவையாகப் போய் நிற்கிறவரை அங்கே யாரும் நம்புவதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. போன இடத்தில் “பார்க்கலாம்” என்று சொல்லாதீர்கள். “நாளைக்குச் சாயங்காலம் மடை திறக்கிற லஸ்கரைக் கூட்டிட்டு வாரேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள். தண்ணீர் கொண்டுவர முடியாது என்றால் அதையும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

4. நம் ஜில்லாவில் மடைச் சண்டை சாதிச் சண்டையாக மாறுவதற்கு ஒரு வார்த்தை போதும். மேலத்தெருக்காரன், கீழத்தெருக்காரன் என்று யாராவது பேச்செடுத்தால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். மடை எண், வயல், பயிர் இவற்றைச் சொல்லித்தான் உங்கள் கூட்டத்தில் பேச வேண்டும். உங்கள் சொந்தச் சாதிக்காரர் சொன்னால் இன்னும் கடுமையாக நிறுத்துங்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். இதில் விட்டுக்கொடுத்தவர் மற்ற எல்லா இடத்திலும் அமைதியாக இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

5. உங்கள் வயல் தலைமடையில் இருந்தால், தண்ணீர் விடும் முறைப்பட்டியலில் அதைக் கடைசியில் எழுதுங்கள்.

6. உங்களைப் போலவே நிற்கக்கூடிய இரண்டு மூன்று பேரைப் பழக்கி வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன். 1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூடவே நின்றார்கள். வ.உ.சி. நிதி திரட்டினார், தொழிலாளர் பிழைப்புக்கு வழி பார்த்தார். அடுப்பு எரிகிறதா என்று கவலைப்படும் தலைவர் இருந்ததால்தான் அந்த ஜனங்கள் தளராமல் நின்றார்கள் என்பது என் எண்ணம். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை எல்லாம் கிடைத்தன. ஆனால் மார்ச் 12-இல் வ.உ.சி.யையும் சிவாவையும் கைது செய்ததும் மறுநாளே திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகமும் தபால் ஆபீஸும் காவல் நிலையமும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதைத் தாங்கிப் பிடித்து வழிநடத்தக்கூடியவர்கள் சிறையில் இருந்தார்கள். ஜனங்களின் பொறுமை முழுவதும் உங்கள் ஒருவர் தலையில் இருக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

7. கூட்டமாக ஜனங்களை அழைத்துப் போனால், அத்தனை பேரையும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் கடமை. 1999 ஜூலை 23-ஆம் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸை நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. கொக்கிரகுளத்தில், ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஆறு. பெண்களும் ஒரு சின்னக் குழந்தையும் உட்படப் பதினேழு பேர் செத்துப்போனார்கள். குற்றம் அடித்தவர்களுடையது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் நீங்கள் மனு கொடுக்கப் புறப்படும் முன் பாதையை நடந்து பாருங்கள். கூட்டம் நெருக்கப்பட்டால் எந்தப் பக்கம் விலகும்? குழந்தையோடு வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள்? போலீஸ் அதிகாரியிடம் முதலில் யார் பேசுவார்? பயந்த மனசோடு இதை யோசியுங்கள். நாலு பேரோடு குறைதீர்க்கும் நாளில் போய்ப் பேசினால் முடியும் என்றால் நானூறு பேரைக் கூட்டாதீர்கள்.

8. ராத்திரியில் ஷட்டரைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். கைகலப்பு நடக்கும்போலிருந்தால் இரண்டு தரப்பிலும் வயதானவர் ஒருவரை மடையில் காவலுக்கு உட்கார வைத்து, விடியட்டும் என்று சொல்லுங்கள். நீங்களும் அங்கேயே இருங்கள். உங்கள் மனசில் தேங்குவதைக் கொட்டவும் ஓர் ஆள் வேண்டும். அவர் சங்கத்துக்கு வெளியே இருக்கட்டும்.

9. முறை முடிவானதும் எழுதி, மடைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒட்டுங்கள். மறுநாள், யாருக்கு நாள் குறைந்ததோ அவர் வீட்டுக்குப் போங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம், தீர்ப்பை விளக்கவும் வேண்டாம். வயலுக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பயிரைப் பாருங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறைக்குள் அந்தப் பயிர் தாங்காது என்று உங்களுக்கே பட்டால், அன்றைக்கே மற்றவர்களைக் கூட்டி அரை நாள் கேட்டு வாங்குங்கள்.