வளர்த்த குலமே பிள்ளைக்குக் குலம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் முதலிய ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருநீர்மலைக்கு எழுந்தருளும் ஆஸ்திகர்கள் பலர். நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் எம்பெருமான் நான்கு திருக்கோலங்களில் ஸேவை ஸாதிக்கும் திவ்யதேசம் இது. ஸந்நிதியில் அர்ச்சனைத் தட்டைப் பெறும் அர்ச்சகர் கோத்திரம், நக்ஷத்திரம், திருநாமம் ஆகியவற்றை வினவுவது வழக்கம். பெரும்பாலோர் தடையின்றிச் சொல்லிவிடுவர். ஆனால் குழந்தையைத் தத்து எடுத்து வளர்க்கும் தம்பதிகளில் சிலர் அவ்விடத்தில் ஒரு கணம் தயங்குவதுண்டு. "இக்குழந்தைக்கு எங்கள் கோத்திரத்தைச் சொல்லலாமா?" என்னும் ஐயமே அத்தயக்கத்திற்குக் காரணம். பெற்றோரின் கையைப் பற்றி நிற்கும் குழந்தையும் அத்தயக்கத்தைக் கவனிக்கிறது. ஆதலின் இவ்விஷயத்தில் சாஸ்திரமும், ஸம்ப்ரதாயமும், இன்றைய சட்டமும் கூறுவதைத் தெளிவாக அறிந்து வைத்திருத்தல் நலம்.

சுவீகாரம் என்பதன் பொருள்

"ஸ்வ" என்றால் தன்னுடையது. "காரம்" என்றால் ஆக்குதல். தன்னுடையதாக ஆக்கிக் கொள்ளுதலே சுவீகாரம். இரவல் வாங்கி வைத்துக் கொள்வதன்று. கருணையால் அடைக்கலம் தருவது மட்டுமன்று. தர்ம சாஸ்திரங்கள் புத்திரர்களைப் பன்னிரு வகையினராகப் பிரித்துப் பேசுகின்றன. அவ்வரிசையில், பெற்றோர் மனமுவந்து கொடுக்கப் பெற்ற பிள்ளை "தத்தன்" எனப்படுகிறான். கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு "அபவித்தன்" என்று பெயர். கைவிடப்பட்ட குழந்தைக்கும் புத்திர ஸ்தானம் உண்டென்று அக்காலத்திலேயே வகுத்து வைத்தார்கள் என்பது நினைக்கத்தக்கது.

வஸிஷ்ட தர்மஸூத்திரத்தின் பதினைந்தாம் அத்தியாயம் சுவீகார விதியைக் கூறுகிறது. ஒரே பிள்ளை உடையவர் அவனைக் கொடுக்கலாகாது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பிறர் வாங்கவும் ஆகாது. சுவீகாரம் செய்பவர் உறவினரை அழைத்து, அரசனுக்கு அறிவித்து, இல்லத்தின் நடுவே வியாஹ்ருதிகளால் ஹோமம் செய்து குழந்தையை ஏற்க வேண்டும். உறவும் அரசும் அக்நியும் ஸாக்ஷியாக, யாவரும் அறியச் செய்ய வேண்டிய காரியமே சுவீகாரம். மறைத்துச் செய்யும் வழக்கம் சாஸ்திர ஸம்மதமன்று.

பெண் குழந்தையைச் சுவீகரிக்கலாமா என்ற வினா முற்காலத்தில் எழுந்தது. தசரதன் தன் மகள் சாந்தையை ரோமபாதனுக்குக் கொடுத்ததும், சூரன் தன் மகள் பிருதையைக் குந்திபோஜனுக்குக் கொடுத்ததும் இதிஹாசங்கள் கூறும் செய்திகள். குந்தி என்று நாம் வழங்கும் திருநாமமே வளர்த்த தந்தையால் வந்த பெயர் என்க. மிதிலையில் உழுசாலில் கிடைத்த ஸீதையை ஜனகன் தன் மகளாகவே வளர்த்தான். பிராட்டியை ஜாநகி என்றுதான் உலகம் வழங்குகிறது.

தேவராதரின் சரித்திரம்

ருக்வேதத்தைச் சேர்ந்த ஐதரேய பிராஹ்மணத்தில் சுனச்சேபன் கதை உள்ளது. அஜீகர்த்தன் என்பவன் நூறு பசுக்களுக்காகத் தன் நடுப்பிள்ளையை யாகப் பசுவாக விற்றான். யூபத்தில் கட்டுவதற்கு மேலும் நூறு, கொல்வதற்கு மேலும் நூறு என்று பெற்றுக் கொண்டு வாளோடு வந்தான். பிள்ளை தேவர்களைத் துதித்து விடுதலை பெற்றான். பின்னர் விச்வாமித்திரரின் மடியில் சென்று அமர்ந்தான். பெற்றவன் திரும்ப அழைத்தபோது அவன் செல்லவில்லை. விச்வாமித்திரர் அவனுக்குத் தேவராதன் என்று பெயரிட்டு, தம் நூற்றொரு புதல்வர்களுக்கும் மூத்தவனாக ஏற்றார். மூத்தவர் ஐம்பதின்மர் இதற்கு இசையாமையால் தந்தையின் சாபத்திற்கு ஆளாயினர். மதுச்சந்தஸ் முதலான மற்றவர் அவனைத் தமையனாக ஏற்று ஆசி பெற்றனர்.

இச்சரித்திரம் கதையளவில் நின்றுவிடவில்லை. விச்வாமித்திர கோத்திரத்தைச் சேர்ந்த பிரவரங்களில் தேவராதரின் பெயர் இன்றும் ஓதப்படுகிறது. சுவீகாரப் பிள்ளையின் பெயரையே தம் குலப் பெருமையாகச் சொல்லி அபிவாதனம் செய்பவர் உளர். அவ்வாறிருக்க, வளர்ப்புப் பிள்ளைக்குக் குலமில்லை என்று எவர் சொல்ல இயலும்?

இரு தாய்மார், இரு ஆழ்வார்கள்

கண்ணனைப் பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. நம் ஆழ்வார்கள் இருவருடைய உள்ளத்தையும் அறிந்து பாடினர். பெரியாழ்வார் யசோதையின் நிலையை ஏற்றுக் கண்ணனின் பிள்ளைப் பருவத்தை அநுபவித்தார். குலசேகராழ்வாரோ தம் பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில், அப்பருவத்தைக் காணப் பெறாத தேவகியின் புலம்பலை அருளிச் செய்தார். வளர்த்தவளின் இன்பமும் பெற்றவளின் இழப்பும் ஒரே திவ்யப்பிரபந்தத்தில் இடம் பெற்றுள்ளன. ஒன்றை உயர்த்துவதற்காக மற்றொன்றை நம் முன்னோர் தாழ்த்தவில்லை. குழந்தையைப் பிறர் கையில் விட நேர்ந்த ஒரு தாயைப் பற்றி இல்லத்தில் இழிவாகப் பேசலாகாது என்பது இதனால் பெறப்படும் பாடமாகும்.

யசோதையாகத் தம்மைப் பாவித்த பெரியாழ்வாருக்கே எம்பெருமான் ஒரு குழந்தையை அருளினான். ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில், ஆடிப் பூரத்தில், துளசியின் அடியில் கண்டெடுத்த பெண்மகவைக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். தாம் செய்து வந்த பூமாலைக் கைங்கர்யத்தின் நடுவிலேயே அவளை வளர்த்தார். தந்தை மலர் பறிக்க, தொடுத்த மாலையை மகள் சூடிப் பார்க்க, அம்மாலையே தனக்கு உகந்தது என்று வடபத்ரசாயி உகந்தான். இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, திருமலைப் பிரம்மோத்ஸவத்திற்கு எழுந்தருளப் பண்ணப்படுகிறது. மார்கழியில் திருமலையில் ஸுப்ரபாதத்திற்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கிறது. தந்தையின் கைங்கர்யத்திற்கு வாரிசு வளர்ப்பு மகளே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் சுற்றுவட்டாரச் சான்றுகள்

பூந்தமல்லிக்கு அருகிலுள்ள திருமழிசையில், பார்க்கவ முனிவருக்குப் பிண்டமாகப் பிறந்து புதரடியில் விடப்பட்டது ஒரு குழந்தை. பிரம்பு அறுக்கும் தொழில் செய்த திருவாளன் என்பவர் அதனைக் கண்டெடுத்தார். அவர் மனைவி பங்கயச்செல்வி அதனைத் தம் மகவாகப் போற்றினார். பாலும் உண்ணாதிருந்த அக்குழந்தைக்கு ஒரு முதிய தம்பதியர் அன்புடன் பால் கொணர்ந்தனர். உண்டு மிகுந்த பாலைப் பருகிய அவர்களுக்குக் கணிகண்ணன் பிறந்தான் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அக்குழந்தையே திருமழிசையாழ்வார். முனிவர் குலத்தில் பிறந்தவர் உழைப்பாளியின் குடிலில் வளர்ந்தார். வளர்த்த குடிலால் அவருடைய பெருமை சிறிதும் குறையவில்லை.

திருநீர்மலையை மங்களாசாஸநம் செய்த திருமங்கையாழ்வார், மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால் அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து ஸேவித்தார் என்பது தலவரலாறு. அவரைப் பரம பாகவதராக்கிய தேவியார் குமுதவல்லி நாச்சியாரோ, திருவெள்ளக்குளத்துப் பொய்கைக் கரையில் கண்டெடுக்கப்பட்டு ஒரு வைத்தியரால் வளர்க்கப்பட்டவர். வைஷ்ணவ லக்ஷணங்களோடு கூடியவரையே மணப்பேன் என்று அவர் விதித்த நிபந்தனை, வளர்த்த இல்லம் தந்த ஸம்ஸ்காரத்தின் பயனேயாகும்.

1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த எம்பெருமானார் துறவறம் பூண்டவர். அவரும் திருமலை நம்பியின் குமாரரான திருக்குருகைப்பிரான் பிள்ளானை ஞானபுத்திரராக ஏற்றார். திருவாய்மொழிக்கு முதல் வியாக்கியானமாகிய ஆறாயிரப்படி அப்பிள்ளானால் அருளிச் செய்யப்பட்டது. ரத்த ஸம்பந்தத்தை விட ஞான ஸம்பந்தமே பரம்பரையை வளர்க்கும் என்பதற்கு இது சான்று.

இன்றைய சட்டம்

1956-ஆம் ஆண்டின் ஹிந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி ஆணையும் பெண்ணையும் தத்தெடுக்கலாம். பொதுவாகக் குழந்தை பதினைந்து வயது நிரம்பாததாகவும் மணமாகாததாகவும் இருத்தல் வேண்டும். ஆண் ஒருவர் பெண் குழந்தையையோ, பெண் ஒருவர் ஆண் குழந்தையையோ தத்தெடுக்குமிடத்து இருபத்தொரு வயது வேறுபாடு தேவை. தத்த ஹோமம் இல்லாவிடினும் சட்டப்படி தத்து செல்லும். தத்தெடுத்த நாள் முதல் குழந்தை எல்லா வகையிலும் புதிய பெற்றோரின் குழந்தையே. பிறந்த குலத்தில் மணம் செய்யத் தகாத உறவுகள் மட்டும் முன்போலவே விலக்கப்படும். தத்தெடுத்தபின் மகன் பிறந்தால் தத்தனுக்கு நாலில் ஒரு பங்கு என்று வஸிஷ்டர் விதித்தார். இன்றைய சட்டத்தில் அவ்வேறுபாடு இல்லை, இருவரும் ஸமமே.

ஆதரவற்ற அல்லது கைவிடப்பட்ட குழந்தைகளைப் பொறுத்தவரை 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் வழிகாட்டுகிறது. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தில் பதிவு செய்து, இல்ல ஆய்வு முடிந்தபின், மாவட்ட ஆட்சியரின் ஆணையால் தத்து நிறைவு பெறுகிறது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்னர் அவ்வாணை நீதிமன்றத்தால் வழங்கப்பட்டது. "அரசனுக்கு அறிவித்து" என்ற பழைய விதியின் இன்றைய உருவம் இதுவே. இடைத்தரகர் மூலம் பணம் கொடுத்துக் குழந்தையைப் பெறுவது குற்றம்; அஜீகர்த்தன் செய்த விற்பனைக்குத் துணை போவதாகும்.

இல்லத்தில் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, ஸந்நிதியில் தயங்காது வளர்க்கும் தந்தையின் கோத்திரத்தையே சொல்லலாம். பாகவதர் அனைவரும் அச்யுத கோத்திரத்தினர் என்னும் பெரியோர் கொள்கையையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது, உண்மையை மறையாதிருத்தல். பந்துக்களின் வாயாலோ அண்டை வீட்டார் பேச்சாலோ குழந்தை முதன்முதலில் அறிய நேர்ந்தால் அது ஆறாத புண்ணாகும். சிறு வயதிலேயே பெற்றோர் வாயால், கோதையின் கதையோடு சேர்த்துச் சொல்லின் அதுவே பெருமையாக மனத்தில் பதியும்.

மூன்றாவது, கைங்கர்யத்தில் கூட்டிக் கொள்ளுதல். அடுக்குமாடி வீட்டில் நந்தவனம் இல்லை. ஒரு துளசிமாடத்திற்கு இடமுண்டு. காலையில் துளசிக்கு நீர் வார்ப்பதும், மாலையில் பூத்தொடுப்பதும், மார்கழியில் ஒன்றாகத் திருப்பாவை ஸேவிப்பதும், சனிக்கிழமைகளில் கைகோத்து மலையேறுவதும் குலதர்மத்தைக் குழந்தைக்குக் கொடுக்கும் வழிகள். சொத்து எழுத்தால் மாறும். ஸம்ஸ்காரம் உடனிருந்து செய்வதால் மட்டுமே மாறும்.

நான்காவது, உறவினர் கடமை. தேவராதரைத் தமையனாக ஏற்ற இளையவர்களைப் போல, தத்துப் பிள்ளையைப் பெயர் சொல்லி, முறை சொல்லி அழைத்தல் வேண்டும். "எடுத்து வளர்த்த பிள்ளை" என்ற அடைமொழி எவ்வீட்டிலும் ஒலிக்கலாகாது.

கோதையை மகளாகப் பெற்ற விஷ்ணுசித்தரின் இல்லத்தை நினைந்து, அடுத்த முறை அர்ச்சகர் வினவும்போது தம்பதிகள் குழந்தையை முன்னிறுத்தி, தங்கள் கோத்திரத்தை உரத்த குரலில் சொல்லட்டும். நீர்வண்ணனின் திருவருள் அக்குடும்பத்திற்குப் பரிபூர்ணமாக உண்டு.

சுபம்