பூக்காத மாதம் இல்லாத நகரம்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூருவில் வெயிலும் குளிரும் பெரும்பாலும் மிதமானவை. ஏப்ரல், மே மாதங்களில் 'மாம்பழ மழை' எனப்படும் கோடைமழை பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அதன் பின்னர் வடகிழக்குப் பருவமழையும் தொடர்கின்றன. இத்தகைய நகரில், ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்கும்படி நட இயலும் என்று கண்டு, அதைச் செயலில் காட்டியவர் குஸ்தாவ் ஹெர்மன் கிரம்பீகல். பருவங்களோடு இணைந்து பணியாற்றும் முறையை அவரது வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகில் 1865ஆம் ஆண்டு பிறந்த கிரம்பீகல், இங்கிலாந்தின் புகழ்பெற்ற கியூ தாவரவியல் பூங்காவில் பணிபுரிந்தவர். 1893இல் பரோடா மன்னரின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தார். 1908இல் மைசூர் அரசின் பணியில் சேர்ந்து, லால்பாக் உள்ளிட்ட அரசுத் தோட்டங்களின் பொறுப்பை ஏற்றார். 1932இல் ஓய்வு பெற்ற பின்னரும் இந்நகரை விட்டு அவர் செல்லவில்லை. உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியர் என்ற காரணத்தால் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டபோதும், விடுதலைக்குப் பின் இங்கேயே வாழ்ந்து, 1956இல் காலமானார். அவரது கல்லறை ஓசூர் சாலையில் உள்ளது. விவேக் நகரில் வாழ்வோருக்கு அது தொலைவான இடம் அன்று.

அவர் பின்பற்றிய முறையைத் 'தொடர் மலர்ச்சி' எனக் கூறலாம். ஒரே சமயத்தில் பூக்கும் மரங்களால் ஒரு நகரை நிரப்பினால், சில வாரங்கள் கண்ணுக்கு விருந்து கிடைக்கும். எஞ்சிய மாதங்கள் வெறுமையாகக் கழியும். ஆகவே, ஒரு மரத்தின் பூ உதிரும் வேளையில் மற்றொரு மரம் அரும்பு விடுமாறு அவர் மரங்களைத் தேர்ந்தெடுத்தார். பின்வந்தோரும் இவ்வழியைத் தொடர்ந்தனர். 1980களில் வனத்துறை அதிகாரி எஸ். ஜி. நெகினஹாள் நகரெங்கும் இலட்சக்கணக்கான மரக்கன்றுகள் நடுவதற்குத் தலைமை ஏற்றார்.

இன்று நகரச் சாலைகளில் இந்த வரிசையை எளிதில் காணலாம். குளிர்காலத்தில் மரமல்லியும் இளஞ்சிவப்புத் தபேபுயாவும் மலர்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் மஞ்சள் தபேபுயாவும் ஊதா நிற ஜகரண்டாவும் தொடர்கின்றன. அதே வேளையில் புங்கமரம் பழைய இலைகளை உதிர்த்துப் பளபளக்கும் தளிர்களை விடுகிறது. ஏப்ரல், மே மாதங்கள் குல்மோகர், சரக்கொன்றை, பூமருது ஆகியவற்றுக்கு உரியவை. மழை தவறும் ஆண்டில் இந்த நாள்கள் சற்று முன்பின்னாக அமையலாம். எனினும் வரிசை பெரிதும் மாறுவதில்லை.

இதனுள் அடங்கிய பாடம் ஒன்று உண்டு. தோட்டக்காரர் எப்போதும் அடுத்த பருவத்துக்காகவே உழைக்கிறார். லால்பாக்கில் குடியரசு நாளையொட்டியும் சுதந்திர நாளையொட்டியும் மலர்க் கண்காட்சிகள் நடைபெறுவதை அறிவோம். துலுக்கச் சாமந்தி விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கும். எனவே, ஜனவரி இறுதியில் மலர வேண்டிய செடிக்கு நவம்பரிலேயே விதை மண்ணில் விழ வேண்டும். வேண்டிய நாளை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவதே அவர்களின் கணக்கு. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கும் பெற்றோரும் இதே கணக்கைத்தான் போடுகின்றனர்.

விவேக் நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் தோட்டம் என்பது பெரும்பாலும் மொட்டை மாடியும் வாசற்படியுமே. அங்கும் இம்முறை பயன் தரும். ஜனவரி, பிப்ரவரியில் உதிரும் இலைகளை எரிக்காமல் மக்க வைத்து எருவாக்குக. கோடையில் அதிகாலையிலோ மாலையிலோ நீர் ஊற்றி, காய்ந்த இலைகளால் தொட்டி மண்ணை மூடுக. மரக்கன்று நட உகந்த காலம் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கம். வேர் ஊன்றும் வரை மழையே நீர் வார்க்கும். செப்டம்பரில் மழை மிகும். தொட்டிகளின் அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்க. மழை தணியும் வேளையில் குளிர்காலப் பூக்களுக்கு விதையிடுக.

சாலை விரிவாக்கத்தாலும் புதிய கட்டடங்களாலும் முதிர்ந்த மரங்கள் பல இன்று வீழ்த்தப்படுகின்றன. தெருவில் உள்ள ஒரே ஜகரண்டா மறைந்தால், அத்தெருவுக்கு மார்ச் மாதத்தின் பூ இல்லாமற்போகும். அவ்விடத்தில் இன்று நடும் கன்று அதே நிழலைத் தரப் பல ஆண்டுகள் ஆகும். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976இன்படி, சொந்த நிலத்தில் நிற்பதாயினும் பெரும்பாலான மரங்களை வெட்டுவதற்கு மர அலுவலரின் முன் அனுமதி தேவை. வீடு கட்டவோ விரிவாக்கவோ கடன் பெறுவோர், வரைபடம் வரையும் கட்டத்திலேயே மனையில் உள்ள மரத்தையும் அதில் குறித்துவிடுதல் நலம். ஒரு சுவரைச் சற்றே தள்ளி அமைப்பதால் மரம் பிழைக்கும் வாய்ப்பு அப்போதுதான் உண்டு. அடித்தளம் தோண்டிய பின் அது அரிது.

கிரம்பீகல் தம் முதுமையில் நட்ட கன்றுகளின் முழு நிழலில் அமர்ந்திருக்க வாய்ப்பில்லை. அந்நிழல் நமக்குக் கிடைத்தது. உங்கள் தெருவில் எந்த மாதம் பூவின்றிக் கழிகிறது என்பதை இவ்வாண்டு கவனித்துக் குறித்து வையுங்கள். அந்த மாதத்தில் பூக்கும் மரம் எதுவெனத் தெரிந்துகொண்டு, அடுத்த ஜூன் மாத மழைக்குக் கன்றை ஆயத்தமாக வைத்திருங்கள்.