கோப்பித் துருவும் சீனத்துச் சலமாந்தரும்

இரண்டு உயிர்களை இன்று அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று இலையின் அடியில் படியும் தூள். மற்றையது ஆறடி வரை வளரும் விலங்கு. இரண்டும் அறிவியலில் பெயர் பெற்றதில் குருமார் இருவருக்குப் பங்குண்டு.

கோப்பித் துரு ஒரு பங்கசு. பேராதனையிலிருந்து சென்ற நோயுற்ற இலைகளை ஆராய்ந்து, அங்கிலிக்கன் குருவான பேர்க்லி 1869இல் அதனை விவரித்தார். 'பாழாக்குவது' என்பதே அவர் இட்ட பெயரின் பொருள். அதன் செம்மஞ்சள் வித்திகளைக் காற்றும் மழையும் பரப்பும். இலைகள் உதிர, மரம் நலியும். இருபது ஆண்டுகளுக்குள் நம் மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் அழிந்தது. கோப்பியை நம்பி வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1970இல் இந்நோய் பிரேசிலிலும் காணப்பட்டது.

சீனத்துப் பெருஞ் சலமாந்தர் ஓர் ஈரூடகவாழி. சீனாவில் உழைத்த வின்சென்சியன் சபைக் குருவான ஆர்மன் டேவிட் அடிகளாரின் பெயரையே 1871இல் அதற்குச் சூட்டினர். குளிர்ந்த மலையோடைகளில் வாழும் அது, பெரும்பாலும் தோலினாலேயே சுவாசிக்கும். ஆகவே நீர் கெட்டால் அதன் மூச்சும் கெடும். முட்டைகளைப் பொந்தில் காவல் காப்பது ஆண். இறைச்சிக்காகப் பிடித்ததாலும் ஓடைகள் கெட்டதாலும் அது அருகிப் போயிற்று. பண்ணைகளில் ஏராளமாக வளர்க்கிறார்கள். ஆனால் காட்டோடைகளில் காண்பது அரிது. ஓரினம் என்று எண்ணியது உண்மையில் ஐந்து இனங்களாவது இருக்கும் என 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. வெவ்வேறு ஆறுகளுக்குரியவற்றைப் பண்ணைகளில் கலந்து வளர்த்து மீண்டும் ஆற்றில் விடுவது, அந்த வேறுபாடுகளையே அழித்துவிடும்.

அப்படியானால் துரு வலியது, சலமாந்தர் எளியது என்று சொல்லலாமா? அவசரப்படக்கூடாது. துருவும் தனித்து வாழாது. உயிருள்ள கோப்பி இலை அதற்கு வேண்டும். மலைமலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டு அதற்கு விருந்து வைத்தவன் மனிதன். 1880இல் இங்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்ற அறிஞர் சுட்டிக்காட்டியதும் இதனையே. சலமாந்தரிடமிருந்து அதன் ஓடையைப் பறித்தவனும் மனிதனே.

ஆகவே ஓர் உயிர் பெருகுவதையும் அருகுவதையும் அதன் பலத்தை மட்டும் கொண்டு அளக்க முடியாது. அதற்கு நாம் எத்தகைய இடத்தை வைத்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் கலந்துரையாட:
1. நம் வளவில் ஒரே பயிர்தானா, பலவகைப் பயிர்களா?
2. நம் ஊர்க் குளத்தில், ஓடையில் முன்பு இருந்து இன்று காணாமற்போன உயிர்கள் எவை? வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டறியுங்கள்.