முகம் சொன்னதா, மனம் சொன்னதா?

கண் விரிகிறது. புருவம் மேலே ஏறுகிறது. வாய் லேசாகத் திறக்கிறது. இது வியந்த முகம். எதிர்பாராத நல்ல செய்தி கேட்டாலும் முகம் இப்படி ஆகும். கெட்ட செய்தி கேட்டாலும் இப்படி ஆகும். வந்தது நல்லதா, கெட்டதா? மூளை இதை எப்படி முடிவு செய்கிறது?

ஓர் ஆய்வு

2004-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலருக்கு வியந்த முகங்களின் படங்களைக் காட்டினார்கள். படத்துக்கு முன்னால் ஒரு வாக்கியம் வரும். சில சமயம், பணம் கிடைத்தது போன்ற நல்ல செய்தி. சில சமயம், பணம் தொலைந்தது போன்ற கெட்ட செய்தி. அப்போது பார்ப்பவரின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று கருவி மூலம் கவனித்தார்கள்.

மூளையின் உள்ளே, இரண்டு பக்கமும், பாதாம் பருப்பு வடிவில் ஒரு சிறு பகுதி உண்டு. அதன் பெயர் அமிக்டலா. ஆபத்தை உணர்வதில் அதற்குப் பங்கு உண்டு. கெட்ட செய்திக்குப் பிறகு முகத்தைப் பார்த்தபோது அமிக்டலா கூடுதலாக வேலை செய்தது. நல்ல செய்திக்குப் பிறகு அவ்வளவு இல்லை. முகங்கள் மாறவில்லை. முன்னால் வந்த செய்திதான் மாறியது.

மின்னி மறையும் முகம்

சில முகக்குறிகள் அரை நொடிகூட நிற்பதில்லை. நிதானமாகப் பார்க்க நேரம் இருக்காது. அப்போது நம் மனத்தில் ஏற்கெனவே உள்ள பயமும் கோபமும் உள்ளே புகுந்துவிடும்.

கமலா பக்கத்து வீட்டுச் சாரதாவிடம் 200 ரூபாய் கடன் வாங்கினாள். சொன்ன நாளில் கொடுக்க முடியவில்லை. ரேஷன் கடை வரிசையில் சாரதாவைப் பார்த்தாள். சாரதாவின் முகம் ஒரு கணம் சுளித்தது. ‘பணத்துக்காக என்னை வெறுக்கிறார்’ என்று கமலா நினைத்தாள். அவர் வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்தினாள்.

நான்கு நாள் கழித்துச் சாரதாவே வந்தார்.

“ஏன் கமலா, ஆளையே காணோம்?”

“அன்று என்னைப் பார்த்து முகம் சுளித்தீர்களே, அக்கா.”

“உன்னைப் பார்த்தா? எனக்குப் பல்வலி, கமலா! இரண்டு நாள் தூக்கமே இல்லை.”

சாரதாவின் முகத்தில் இருந்தது வலி. கமலாவுக்குத் தெரிந்தது வெறுப்பு. கடன் பற்றிய பயம்தான் அப்படிக் காட்டியது.

கேட்டுத் தெரிந்துகொள்வோம்

முகத்தைப் பார்ப்பது தவறல்ல. பேசத் தெரியாத குழந்தையின் வலியை முகம்தான் சொல்கிறது. ஆனால் ஒரு நொடி முகத்தை வைத்து உறவை முறிக்கலாமா? இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்போது நம் மனம் எப்படி இருந்தது என்று யோசிக்க வேண்டும். பிறகு வாய் திறந்து கேட்க வேண்டும்.

பயிற்சி

1. அமிக்டலா எந்த வடிவில் இருக்கும்?
2. ஆய்வில் மாறியது எது? மாறாதது எது?
3. ரேஷன் கடையில் கமலா என்ன கேட்டிருக்கலாம்? இரண்டு வாக்கியம் எழுதுங்கள்.
4. முகத்தைப் பார்த்துத் தவறாக நினைத்த நிகழ்ச்சி உங்கள் ஊரில் நடந்ததுண்டா? குழுவில் பேசுங்கள்.