செவிவழிச் செய்தியும் ‘-ஆம்’ என்னும் இடைச்சொல்லும்

முன்னுரை

ஒரு செய்தியைக் கூறுவோர் அதனைத் தாமே கண்டனரா, பிறர்வழிக் கேட்டனரா என்பதை இலக்கணக்கூறு ஒன்றால் உணர்த்துவதை மொழியியலார் சான்றுநிலை என்பர். தமிழில் செவிவழிச் செய்தியைத் தொடரின் இறுதியில் ஒட்டும் ‘-ஆம்’ சுட்டுகிறது. ‘அவர் வந்தார்’ என்னும் கூற்றுக்குக் கூறுவோரே பொறுப்பு; ‘அவர் வந்தாராம்’ என்பதில் அப்பொறுப்பு பெயர் சுட்டப்படாத பிறரைச் சார்கிறது. இவ்விடைச்சொல் சில இடங்களில் ஐயத்தையும் எள்ளலையும் தருகிறது. அவை அதன் அடிப்படைப் பொருளா, சூழலால் தோன்றுவனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேட்டறிதலும் ஊகமும்

துருக்கி மொழியின் ‘-மிஷ்’ ஈறு கேட்டறிந்ததற்கும் தடயம் கண்டு ஊகித்ததற்கும் பொதுவானது. நனைந்த தரையை மட்டும் கண்டவரும் மழை பெய்தமையை அவ்வீற்றால் கூறலாம். அந்நிலையில் தமிழர் ‘மழை பெய்திருக்கிறது’ என்பரேயன்றி ‘மழை பெய்ததாம்’ என்னார். எனவே ‘-ஆம்’ பிறர்மொழிக்கே உரியது. வினாவிலும் இவ்வரையறை நிலைக்கிறது. ‘எப்போது வருவாராம்?’ என்று வினவுவோர், எதிரிலிருப்பவரின் ஊகத்தையன்று, அவர் பிறரிடம் கேட்டறிந்ததையே விடையாக எதிர்பார்க்கின்றனர்.

தன்மை இடத்தில் ‘-ஆம்’

ஐயம் பற்றிய சிக்கலைத் தன்மை ஒருமைத் தொடர்கள் தெளிவாக்குகின்றன.

1. நேற்று நான் பொய் சொன்னேனாம்.
2. கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஓயாமல் அழுவேனாம்.

முதல் தொடர் குற்றச்சாட்டை மறுக்கிறது. இரண்டாவதில் மறுப்பு இல்லை. இடமும் எண்ணும் இடைச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது கூறுவோரின் அறிவுநிலை. நேற்றைய செயலை அவர் தாமே அறிவார். குழந்தைப் பருவத்தை மூத்தோர் சொல்லியே அறிவார். தாமே அறிந்திருக்க வேண்டியதைப் பிறர் கூற்றாக முன்வைக்கும்போது, கேட்போர் மறுப்பை உய்த்துணர்கின்றனர்.

பிறர்மொழியும் மதிப்பும்

பிறர் கூற்றாக மொழிதல் எப்போதும் ஐயத்தைத் தருவதன்று என்பதற்குத் தொல்காப்பியமும் சான்றாகிறது. அதில் பயிலும் ‘என்ப’, ‘என்மனார்’ என்பன விதியை முன்னோர் கூற்றாக்கி அதற்கு வலிமை சேர்க்கின்றன. அங்கு மூலம் புலவராதலின் மதிப்பு கூடுகிறது. ‘-ஆம்’ மூலத்தைச் சுட்டாமையின் மதிப்பீடு கேட்போரிடம் விடப்படுகிறது.

முடிவுரை

‘-ஆம்’ உணர்த்துவது ‘இது என் நேரறிவன்று’ என்பதே. ஐயமும் எள்ளலும் சூழல் தருவன. ஆகவே, வாய்மொழி வழக்காறுகளைப் பதிப்பிப்போர் அதனை வெற்று அசையென நீக்கினால், கண்டதும் கேட்டதும் வேறுபாடின்றிக் கலந்துவிடும். மொழிபெயர்ப்போர் அதனை எல்லா இடத்தும் ஐயமாகப் பெயர்த்தால், தகவலாளர் கொள்ளாத அவநம்பிக்கை அவர்மேல் ஏற்றப்படும்.